நீலகிரியில் கடைசி மூன்று நாட்கள்: உதகையிலேயே தங்குவதா, குன்னூர் பக்கம் இறங்கிவிடுவதா?

கேள்வி – வேளச்சேரி வாசகி

வணக்கம். வரும் காலாண்டு விடுமுறையில், செப்டம்பர் கடைசி வாரத்தில், குடும்பத்தோடு ஏழு நாட்கள் நீலகிரியில் கழிக்கத் திட்டமிட்டிருக்கிறோம். நானும் என் கணவரும், 12 வயது மகனும் 8 வயது மகளும், 71 வயதான என் மாமியாரும் என ஐந்து பேர். சனிக்கிழமை காலை நீலகிரி விரைவு ரயிலில் மேட்டுப்பாளையம் வந்து, அங்கிருந்து வாடகைக் காரில் உதகை செல்கிறோம். திரும்பும் ரயில் அடுத்த வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்குப் பிறகு மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படுகிறது. இரண்டு ரயில்களுக்கும் இருக்கை உறுதியாகிவிட்டது.

முதல் நான்கு நாட்களுக்கு உதகையில் அறை எடுத்துவிட்டோம். தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா, பைக்காரா, அவலாஞ்சி என்று அந்த நாட்கள் நிரம்பிவிட்டன. புதன், வியாழன், வெள்ளி ஆகிய கடைசி மூன்று நாட்களில்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. உதகையிலேயே தொடர்ந்து தங்கி, புதன்கிழமை முதுமலைக்கும் வியாழக்கிழமை குன்னூர், கோத்தகிரிக்கும் போய் வந்து, வெள்ளிக்கிழமை மதியம் உதகையிலிருந்து மலை ரயிலில் இறங்கலாம் என்கிறார் என் கணவர். மலை ரயிலுக்கு இன்னும் முன்பதிவு செய்யவில்லை.

எனக்கு இரண்டு கவலைகள் இருக்கின்றன. மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. சரிவில் இறங்கி ஏறுவது அவருக்குச் சிரமம். மகளுக்கு வளைவான பாதையில் வாந்தி வரும். போன முறை கொடைக்கானல் போனபோது, கடைசி நாளில் ஐந்து இடங்களைப் பார்த்துவிட வேண்டும் என்று ஓடி, இறங்கும் வழி முழுவதும் குழந்தை வாந்தி எடுத்து, ரயிலில் ஏறும்போது ஒருவரோடு ஒருவர் பேசக்கூடத் தெம்பில்லாமல் இருந்தோம். அந்தப் பயணத்தில் முதல் நாட்கள் எத்தனையோ நன்றாக இருந்தும், வீட்டில் இன்றைக்கும் எல்லோரும் நினைவு வைத்துப் பேசுவது அந்தக் கடைசி நாளைத்தான். இந்த முறை அப்படி ஆகக் கூடாது என்று நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 – கோத்தகிரிவாசி

வணக்கம் சகோதரி. உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. மலைப் பயணத்தின் கடைசி நாட்களை இறங்கும் வழியிலேயே அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது இங்கேயே பிறந்து வளர்ந்த என்னுடைய உறுதியான எண்ணம். உதகை ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் 1,850 மீட்டர் அளவில் இருக்கிறது, மேட்டுப்பாளையமோ அடிவாரம். தினமும் கீழே இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு இரவு உறங்குவதற்காக மறுபடியும் உதகைக்கு ஏறினால், ஒரே பாதையின் வளைவுகளை உங்கள் மகள் இரண்டு மடங்காகக் கடக்க வேண்டியிருக்கும். புதன்கிழமை காலையிலேயே பெட்டிகளோடு உதகையை விட்டு இறங்கிவிடுங்கள். அதன் பிறகு திரும்பி ஏற வேண்டாம்.

கோத்தகிரியில் தங்குங்கள் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனால் வெள்ளிக்கிழமை மலை ரயிலில் இறங்குவது உங்கள் விருப்பமென்றால், குன்னூரில் இரண்டு இரவுகள் தங்கிவிட்டு, வியாழக்கிழமை ஒரு நாள் மட்டும் எங்கள் ஊருக்கு வந்து போவதே பொருத்தமாக இருக்கும். குன்னூரிலிருந்து கோத்தகிரி சுமார் 20 கிலோமீட்டர். இரு பக்கமும் தேயிலைத் தோட்டங்களாக இருக்கும் அந்தப் பாதையில் அவசரப்படாமல் ஒரு மணி நேரத்தில் வந்து சேரலாம்.

வியாழக்கிழமை காலை உணவை முடித்ததும் நேராகக் கோடநாடு காட்சிமுனைக்குப் போய்விடுங்கள். வழியில் வேறெங்கும் நிற்க வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் மேலே எழும்பி வரும். மதியத்துக்கு மேல் போனவர்களில் பலர் வெள்ளைத் திரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். காலையில் போனால் அடியில் மாயாற்றின் பள்ளத்தாக்கும், அதில் கைக்குட்டை விரித்தாற்போலத் தெங்குமரஹாடா ஊரின் வயல்களும், எதிரே ரங்கசாமி மலையின் கூம்பும் தெரியும். வானம் மிகத் தெளிவாக இருந்தால் தொலைவில் பவானிசாகர் நீர்ப்பரப்பும் ஒரு கோடாக மின்னும். பார்ப்பவர் கண் அங்கிருந்து எளிதில் மீளாது. உங்கள் மாமியார் நெடுந்தூரம் நடக்க வேண்டியதில்லை. வண்டி நிற்கும் இடத்திலிருந்து காட்சிமுனை அருகிலேயே இருக்கிறது.

திரும்பும்போது கண்ணேரிமுக்கில் சல்லிவன் நினைவகத்தைப் பார்க்கலாம். கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் இந்த மலைக்கு வந்தபோது முதலில் தங்கியது கோத்தகிரிப் பகுதியில்தான். உதகை நகரம் எழுந்தது அதற்குப் பிறகு. படுகர், தோடர், கோத்தர், குறும்பர், இருளர் ஆகிய மக்களின் வாழ்க்கையைச் சொல்லும் பழைய படங்களும் பொருட்களும் அங்கே இருக்கின்றன. நான்கு நாட்களாகப் பூங்காவையும் ஏரியையும் பார்த்த பிள்ளைகள், இந்த மலையில் மனிதர்கள் எத்தனை காலமாக வாழ்ந்து வருகிறார்கள் என்பதை ஊருக்குத் திரும்புவதற்கு முன் ஒரு மணி நேரமாவது பார்க்க வேண்டும் என்று உங்களை விரும்பிக் கேட்டுக்கொள்கிறேன். நேரம் மீதியிருந்தால் லாங்வுட் சோலை இருக்கிறது. ஊரை ஒட்டியே எஞ்சி நிற்கும் பழைய சோலைக்காடு அது. கோத்தகிரிக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் தண்ணீர் கொடுப்பது அதன் ஊற்றுகள்தான். அதற்குள் நடக்க வேண்டும் என்பதால் மாமியாரை வெளியே உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் மட்டும் போய் வரலாம்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். குன்னூரிலும் கோத்தகிரியிலும் தேயிலைத் தோட்டங்களுக்குள் காட்டெருமைகள் சர்வ சாதாரணமாக மேய்கின்றன, கரடிகளும் இருக்கின்றன. தங்கும் விடுதி தோட்டத்துக்கு நடுவே இருந்தால், இருட்டிய பிறகு பிள்ளைகளை வெளியே நடக்க விடாதீர்கள். காட்டெருமை அசையாமல் நிற்பதைப் பார்த்துப் படமெடுக்க நெருங்கியவர்கள் குத்துப்பட்டிருக்கிறார்கள்.

பதில் 2 – மலைப்பாதை ஓட்டுநர்

பதினெட்டு ஆண்டுகளாக இந்த மலையில் சுற்றுலா வண்டி ஓட்டுகிறேன். மேலே சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். முதுமலையைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்மா, வரைபடத்தைப் பார்த்தால் உதகையிலிருந்து, முதுமலையின் யானை முகாம் இருக்கும் தெப்பக்காடு பக்கத்தில் இருப்பது போலத்தான் தெரியும். கல்லட்டி வழியாகப் போனால் 36 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் செங்குத்தாக இறங்குகின்றன. பல விபத்துகளுக்குப் பிறகு வெளியூர் வண்டிகள் அந்த வழியாகக் கீழே இறங்குவதற்குத் தடை இருக்கிறது. கூடலூர் வழியாகச் சுற்றிப் போனால் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. போக வர ஒரு நாள் முழுவதும் பயணத்திலேயே கழியும். வாந்தி வரும் குழந்தையோடு அதைச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பம் பயணத்தின் கடைசிக்கு முந்தைய நாளில் முதுமலைக்குப் போயே தீர வேண்டும் என்று கேட்டதால் அழைத்துப் போனேன். யானைகளுக்கு உணவு கொடுக்கும் நேரத்துக்குச் சற்றுப் பிந்திவிட்டோம். திரும்பும்போது நடுவட்டம் அருகே பனிமூட்டத்தில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. இரவு வெகு நேரத்துக்குப் பிறகுதான் விடுதிக்கு வந்து சேர்ந்தோம். பிள்ளைகள் சாப்பிடாமலேயே உறங்கிவிட்டார்கள். அவர்கள் கேட்டபோதே நான் அழுத்தமாக மறுத்திருக்க வேண்டும். அதன் பிறகு யாருக்கும் அந்த நாளில் முதுமலையை நான் சொல்வதில்லை. முதுமலை முக்கியமென்றால் பைக்காராவுக்குப் போகும் நாளில் அதை வைத்துக்கொள்ளுங்கள். பைக்காரா கூடலூர் சாலையிலேயே இருக்கிறது. அன்று அதிகாலையில் புறப்பட்டு முதலில் தெப்பக்காடு, திரும்பும்போது பைக்காரா என்று வைத்தால் ஒரே பாதையில் இரண்டும் முடிந்துவிடும்.

குழந்தையின் வாந்திக்குச் சில வழிகள் சொல்கிறேன். புறப்படுவதற்கு முன் வயிறு காலியாகவும் இருக்கக் கூடாது, நிறையவும் இருக்கக் கூடாது; இரண்டு இட்லி போதும். பின் இருக்கையில் குழந்தையை நடுவில் உட்கார வைத்து, முன்கண்ணாடி வழியாகப் பாதையைப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் கைப்பேசியைக் கொடுக்கவே கூடாது. கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். ஓட்டுநரிடம் வெட்கப்படாமல் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவதுதான் மலைப்பாதையின் முறை. பிரேக்கை மட்டும் நம்பி வேகமாக இறங்கி, வளைவுக்கு வளைவு அழுத்திப் பிடிக்கும் ஓட்டுநரின் வண்டியில் பெரியவர்களுக்கே குமட்டும்.

மேட்டுப்பாளையத்தில் எடுக்கும் வாடகை வண்டிக்கு இ-பாஸ் (வெளியூர் வண்டிகள் மலைக்கு வர இணையத்தில் பெறும் அனுமதி) எடுத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2024 மே மாதத்திலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. நீலகிரிப் பதிவெண் கொண்ட உள்ளூர் வண்டிக்கு அது தேவையில்லை. தண்ணீர் பாட்டிலை நெகிழியில் கொண்டுவந்தால் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டிலாகக் கொண்டுவாருங்கள்.

பதில் 3 – மலைரயில் ஆர்வலர்

ரயிலைப் பற்றி நான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை நீங்கள் உதகையிலிருந்து ஏற வேண்டியதில்லை. மதியம் 2 மணிக்கு உதகையில் புறப்படும் வண்டி மூன்றே கால் மணி அளவில் குன்னூருக்கு வரும். குன்னூரில் தங்கியிருந்தால் அங்கிருந்தே மேட்டுப்பாளையத்துக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். அன்று காலைப் பொழுது முழுவதும் உங்கள் கையில் இருக்கும்.

குன்னூரிலிருந்து கீழே செல்லும் பகுதிதான் இந்த ரயிலின் உயிர். மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரையிலான பாதை 1899இல் திறக்கப்பட்டது. உதகை வரை 1908இல் நீட்டிக்கப்பட்டது. அடிவாரத்தில் உள்ள கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே சரிவு 12.5 அடிக்கு ஓர் அடி என்ற அளவுக்குச் செங்குத்தாக இருப்பதால், இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் பதித்த இரட்டைச் சட்டங்கள் போடப்பட்டிருக்கின்றன. எஞ்சினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டுதான் ஏறவும் இறங்கவும் செய்கிறது. நீராவி எஞ்சின் இயங்குவதும் இந்தப் பகுதியில்தான். குன்னூருக்கு மேலே டீசல் எஞ்சின். 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

உங்கள் மகனை ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்றுகொண்டே வருவார். கையில் பச்சை, சிவப்புக் கொடிகள் இருக்கும். எஞ்சின் எப்போதும் சரிவின் கீழ்ப்பக்கம் இருப்பதால், இறங்கும்போது அது முன்னால் செல்லும். இவர்கள் தங்கள் பெட்டியின் கைப்பிரேக்கைச் சுற்றி இறுக்கியும் தளர்த்தியும் வண்டியின் வேகத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பார்கள். ஒரு பாலத்தில் ஏறும்போது அவர் கொடியை வெளியே நீட்டுவதையும், அடுத்த பெட்டிக்காரர் அதைப் பார்த்துத் தன் கொடியை நீட்டுவதையும் நான் எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. 28 கிலோமீட்டரை இறங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அவ்வளவு மெதுவாகப் போவதால்தான் காரில் வாந்தி எடுக்கும் குழந்தைகளில் பலர் இதில் சுகமாக வருகிறார்கள். என் அண்ணன் மகள் அப்படித்தான்.

இருக்கைகள் மிகக் குறைவு. முன்பதிவு தொடங்கிய அன்றே முயன்று பாருங்கள். கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். உதகைக்கும் குன்னூருக்கும் இடையே பகலில் பல முறை தனி வண்டிகள் ஓடுகின்றன. அவற்றில் இடம் கிடைப்பது ஓரளவு எளிது. புதன்கிழமை காலை உதகையிலிருந்து குன்னூருக்கு இடம்பெயர்வதையே அந்த ரயிலில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் கணவர் பெட்டிகளோடு காரில் வரட்டும். நீங்களும் மாமியாரும் பிள்ளைகளும் லவ்டேல், கேத்தி, அருவங்காடு, வெலிங்டன் என்று ஒவ்வொரு நிலையமாகப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள். கேத்திப் பள்ளத்தாக்கின் படிக்கட்டு வயல்களைக் காரிலிருந்து பார்ப்பதைவிட ரயிலிலிருந்து பார்ப்பதே அழகு.

மழையைப் பற்றி ஒரு சொல். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர்–மேட்டுப்பாளையம் இடையே மண் சரிந்து ரயில் பல நாட்கள் நிற்பது வழக்கம். செப்டம்பர் இறுதியில் அந்தப் பருவம் தொடங்கியிருக்காது என்றாலும், மாலை இடிமழை பெய்வதுண்டு. எனவே இரவு ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் மாற்று ஏற்பாட்டை மனத்தில் வைத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையிலேயே குன்னூர் நிலையத்தில் வண்டி ஓடுகிறதா என்று விசாரித்துவிடுங்கள். ஓடவில்லையென்றால் மதியம் 2 மணிக்கு முன்பே காரில் இறங்கத் தொடங்கிவிடுங்கள்.

வேளச்சேரி வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. என் கணவரும் அத்தையும் நானும் உட்கார்ந்து இவற்றைப் படித்தோம். முதுமலையைப் பைக்காரா நாளுக்கு மாற்றக் கணவர் சம்மதித்துவிட்டார். குன்னூரில் புதன், வியாழன் இரண்டு இரவுகளுக்கு அறை பார்க்கிறோம். வெள்ளிக்கிழமை காலை குன்னூரில் என்ன செய்யலாம் என்பதையும், மாலை ஐந்தரைக்கு மேட்டுப்பாளையம் வந்துவிட்டால் இரவு வரை அத்தையை எங்கே உட்கார வைப்பது என்பதையும் சொன்னால் நல்லது. சிம்ஸ் பூங்கா, லேம்ஸ் ராக், டால்ஃபின் நோஸ் மூன்றையும் காலையிலேயே முடித்துவிடலாமா?

பதில் 4 – கோத்தகிரிவாசி

மூன்றையும் ஒரே காலையில் வைக்க வேண்டாம் சகோதரி. கொடைக்கானலில் நடந்தது அதுதானே. லேம்ஸ் ராக்கும் டால்ஃபின் நோஸும் ஒரே சாலையில் இருக்கும் காட்சிமுனைகள். புதன்கிழமை ரயிலில் குன்னூர் வந்து சேர்ந்ததும், அறையில் பெட்டிகளை வைத்துவிட்டு நேரே அங்கே போய்விடுங்கள். டால்ஃபின் நோஸில் நின்றால் எதிர்மலையில் கேத்தரின் அருவி விழுவது தெரியும். அதைப் பார்க்கத் தனியாக வேறோர் இடத்துக்குப் போக வேண்டியதில்லை. லேம்ஸ் ராக்குக்கு மரங்களுக்கிடையே சிறிது நடக்க வேண்டும். உங்கள் மாமியார் விரும்பினால் மட்டும் அழைத்துப் போங்கள்.

வெள்ளிக்கிழமை காலைக்குச் சிம்ஸ் பூங்கா ஒன்று போதும். 1874இல் அமைத்த பூங்கா அது. ஒரு பள்ளத்தின் சரிவிலேயே படிப்படியாக இறங்கி, அடியில் சிறிய குளத்தில் முடிகிறது. சரிவில் இறங்கினால் திரும்ப ஏற வேண்டும் என்பதால் மாமியார் மேல்பகுதியிலேயே, வாயிலுக்கு அருகில் உள்ள பழைய மரங்களின் நிழலில் உட்கார்ந்திருக்கட்டும். பிள்ளைகள் குளம் வரை ஓடி வரட்டும். அதன் பிறகு கடைவீதியில் வர்க்கி என்ற மொறுமொறு பிஸ்கட்டும் தேயிலைத் தூளும் வாங்கிக்கொள்ளுங்கள். சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் இன்கோசர்வ் தேயிலைத் தூள் கிடைத்தால் அதை வாங்குங்கள். பறிக்கும் கைகளுக்கு அந்தப் பணம் கொஞ்சமாவது நேராகப் போய்ச் சேரும். வர்க்கி நொறுங்கும் தன்மையுடையது. பெட்டிக்குள் திணிக்காமல் தனித் துணிப்பையில் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணிக்குள் சாப்பிட்டு முடித்து, இரண்டரைக்கெல்லாம் நிலையத்தில் இருந்தால் நிம்மதியாக ஏறலாம்.

பதில் 5 – மலைப்பாதை ஓட்டுநர்

மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றங்கரையில் வனபத்ரகாளியம்மன் கோயில் இருக்கிறது அம்மா. நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். மாலை நடை திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, ரயிலிலிருந்து இறங்கியதும் ஒரு வண்டி பிடித்துப் போய் வாருங்கள். பெரியவருக்கு மனநிறைவாக இருக்கும். கனமான பெட்டிகளைக் குன்னூரிலிருந்து உங்கள் காரிலேயே முன்கூட்டி அனுப்பி, அந்த ஓட்டுநரையே கீழே நிலையத்தில் காத்திருக்கச் சொன்னால் கோயிலுக்கும் அதே வண்டி ஆகும். மலை ரயில் பெட்டிகளில் பெரிய பெட்டிகளை வைக்க இடம் கிடையாது.

குன்னூரில் போட்டிருக்கும் ஸ்வெட்டர் கல்லாறு வரும்போதே புழுங்கத் தொடங்கிவிடும். உள்ளே மெல்லிய பருத்தி ஆடையை அணிவித்துவிடுங்கள். இறங்க இறங்க ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளலாம்.